கரடி வாழும் காட்டுக்கு எந்தக் கைத்துப்பாக்கி?

கேள்வி: சியாட்டில் அருகே வசிக்கிறேன். வயது 43. சென்ற ஆண்டு கிரீன் கார்டு கிடைத்தது. வரும் ஆகஸ்டில் நானும் என் மைத்துனரும் (மனைவியின் தம்பி, எச்-1பி விசாவில் இருப்பவர்) அலாஸ்காவின் கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக் தேசியப் பூங்காவில் பத்து நாள் நடைப்பயணம் செல்ல இருக்கிறோம். கரடியிடமிருந்து தற்காத்துக்கொள்ள ஒரு கைத்துப்பாக்கி வாங்க எண்ணுகிறேன். ".500 மேக்னம் ரிவால்வரைத் தவிர வேறெதையும் நம்பாதே" என்கிறார் நண்பர். 10 மிமீ பிஸ்டலே போதும் என்கிறார் கடைக்காரர். சுடுதளத்தில் இரண்டு முறை சுட்டதைத் தவிர எனக்கு அனுபவம் இல்லை. எதை வாங்கலாம்? ஆளுக்கொன்று வேண்டுமா? இரவில் கூடாரத்தில் அதை எங்கே வைப்பது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம். அலாஸ்காவில் களப்பணிக்குச் செல்பவர்களுக்குக் கரடிப் பாதுகாப்பும் துப்பாக்கிப் பயிற்சியும் அளிப்பது என் தொழில். உங்கள் கேள்விகளில் நடுவில் உள்ளதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதில் பிழை நேர்ந்தால் கரடி கண்ணில் படாமலேயே உங்கள் மைத்துனரின் வாழ்க்கை குலைந்துவிடும். எச்-1பி போன்ற தற்காலிக விசாக்களில் அமெரிக்காவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய, நடப்பிலுள்ள வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. ஆனால் உங்கள் வாஷிங்டன் மாநிலம் குடியுரிமை பெறாதவர்களுக்குத் தன் பங்குக்குத் தனி நிபந்தனைகள் வைத்திருக்கிறது. மேலும், துப்பாக்கி தொடர்பான குற்றத் தீர்ப்பு ஒருவரை நாடு கடத்துவதற்கான காரணங்களுள் ஒன்று என்பதால், குடியேற்றச் சட்டம் அறிந்த வழக்கறிஞரிடம் எழுத்தில் கருத்துப் பெறாமல் அந்த விலக்கை நம்பி இறங்க வேண்டாம். ஆகவே ஆளுக்கொன்று என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஆற்றைக் கடக்கும்போது "கொஞ்சம் பிடி" என்று அவர் கையில் கொடுப்பதும், சுமை குறையட்டும் என்று தோட்டாப் பெட்டியை அவர் பையில் வைப்பதும்கூட அவரைச் சிக்கலில் மாட்டிவிடும்.

உங்களுக்கு அந்தத் தடை இல்லை. எனினும் கைத்துப்பாக்கியை ஒருவர் தான் வசிக்கும் மாநிலத்தில்தான் வாங்க முடியும். ஆங்கரேஜில் இறங்கி வாங்கிக்கொள்ளலாம் என்ற திட்டம் நடக்காது. வாஷிங்டனில் 2024 ஜனவரி முதல் பாதுகாப்புப் பயிற்சி முடித்ததற்கான சான்றும், பத்து வேலைநாள் காத்திருப்பும் கட்டாயம். 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின்களின் (பிஸ்டலின் பிடிக்குள் செருகும் தோட்டாக்கூடு) விற்பனை அங்கே 2022 ஜூலை முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஆகஸ்டுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது என்று ஆற அமர இருந்துவிடாதீர்கள். வாங்குவதைவிடப் பழகுவதற்கே அந்த நான்கு மாதமும் வேண்டியிருக்கும்.

துப்பாக்கியைப் பற்றிப் பேசும் முன் கரடி ஸ்பிரேயைப் பற்றிப் பேசியாக வேண்டும். அது உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லாதது எனக்குக் கவலை அளித்தது. அந்தக் குப்பியில் இருப்பது நம் அடுப்படி மிளகாயின் காரம்தான்: காப்சைசினும் அதைச் சேர்ந்த காரப்பொருட்களும் 1 முதல் 2 சதவீதம் வரை கலந்து அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். பாதுகாப்புக் கொக்கியைக் கழற்றி அழுத்தினால் ஏழெட்டு மீட்டர் தூரத்துக்கு ஆரஞ்சு நிற மேகமாகப் பாய்ந்து, கரடியின் கண்ணையும் மூக்கையும் மூச்சுக்குழாயையும் ஒரே நேரத்தில் எரிக்கும். தோட்டாவைப் போல அதைத் துல்லியமாகக் குறிபார்க்க வேண்டியதில்லை. கரடிக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு சுவர் எழுப்பினால் போதும்.

டாம் ஸ்மித், ஸ்டீஃபன் ஹெரேரோ முதலிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், 1985 முதல் 2006 வரை அலாஸ்காவில் ஸ்பிரே பயன்பட்ட 83 நிகழ்வுகளைத் தொகுத்தார்கள். பழுப்புக் கரடிகள் மீது அடித்தபோது 92 சதவீத நிகழ்வுகளில் கரடி தன் செயலை நிறுத்தியிருந்தது. இதே குழுவினர் 2012-இல் துப்பாக்கி பற்றி வெளியிட்ட ஆய்வில் 1883 முதல் 2009 வரையிலான 269 நிகழ்வுகளைப் பார்த்தார்கள்: கைத்துப்பாக்கி 84 சதவீதமும் நீள்துப்பாக்கி 76 சதவீதமும் பயன் தந்திருந்தன. இந்த இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது முழு நியாயமாகாது. முதல் தொகுப்பில் வெறும் ஆவலோடு நெருங்கிவந்த கரடிகளும் உண்டு. இரண்டாவது தொகுப்பு சீறிவந்த கரடிகளைப் பற்றியது. ஆனால் அந்த இரண்டாம் ஆய்வின் ஒரு முடிவை நான் எந்த மாணவருக்கும் சொல்லாமல் விட்டதில்லை: துப்பாக்கி வைத்திருந்து சுட்டவர்களுக்கும், வைத்திருந்தும் சுடாதவர்களுக்கும் காயம் பட்ட விதத்தில் வேறுபாடு காணப்படவில்லை. கைத்துப்பாக்கி நீள்துப்பாக்கியைவிடச் சற்று மேலாக நின்றதற்குக் காரணம், அது எப்போதும் உடம்போடு இருந்ததுதான் என்பது என் கணிப்பு. ஆய்வு சொன்னதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன் நீங்கள் போகும் அதே புரூக்ஸ் மலைத்தொடரில், ஆற்றோரம் ஆளுயரம் வளர்ந்த வில்லோ புதர்களுக்குள் நுழைந்து போய்க்கொண்டிருந்தேன். நீரின் இரைச்சலில் நான் கூப்பிட்டுக்கொண்டே வந்தது கேட்டிருக்காது. இருபதடிக்கு அப்பால் புதர் அசைந்தது. இரண்டு குட்டிகள் எழுந்து நின்றன. அவற்றுக்குப் பின்னால் தாய். தாடை ஒன்றோடொன்று மோதும் 'டக் டக்' என்ற ஓசையைத்தான் முதலில் கேட்டேன். காதுகளைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு அது பாய்ந்தபோது என் இடது கை இடுப்பு வாரிலிருந்த குப்பியை எடுத்திருந்தது. அது நான் யோசித்துச் செய்ததல்ல, ஆண்டுக்கணக்கில் பழகிய கை தானாகச் செய்தது. மேகம் எழும்பியது, தாய் ஒருமுறை தலையை உதறித் திரும்பியது, குட்டிகள் அதன் பின்னால் ஓடின. மார்பில் கட்டியிருந்த துப்பாக்கி உறையிலேயே இருந்தது. அன்று நான் சுட்டிருந்தால், குறி தப்பாமல் சுட்டிருந்தாலும், அந்தக் குட்டிகள் குளிர்காலத்தைத் தாண்டியிருக்க மாட்டா.

அப்படியென்றால் கைத்துப்பாக்கி எதற்கு? முகத்துக்கு நேரே கடுங்காற்று அடித்து மேகம் உங்கள் மீதே திரும்பும்போது. கரடி உங்கள் துணைவரின் மேல் ஏறிவிட்ட பிறகு. குப்பி காலியான பின்னும் விடாமல் பின்தொடரும், உங்களை இரையாகவே பார்க்கும் அரிய கரடியிடம். இரவில் கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே வருவதிடம். இந்தச் சூழ்நிலைகள் எல்லாவற்றிலும் தூரம் ஓரிரு மீட்டராகவும், நேரம் ஓரிரு நொடியாகவும் இருக்கும். பழுப்புக் கரடி மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. நொடிக்கு 15 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முப்பது மீட்டருக்கு அப்பால் பார்த்த கரடி இரண்டு நொடியில் உங்கள் மீது இருக்கும். துப்பாக்கியைத் தேர்வதற்கான அளவுகோல் இந்த இரண்டு நொடியே.

உங்கள் நண்பர் சொன்ன .500 மேக்னத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 2003-இல் கொண்டுவந்த தோட்டா அது. கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் அதன் ஆற்றல் உச்சத்தில் நிற்பது உண்மை. சுழலும் உருளையில் ஐந்து தோட்டா கொள்ளும் அந்த ரிவால்வர் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை கொண்டது. பயிற்சியில் நான் கரடி முகம் வரைந்த அட்டையைச் சிறு சறுக்குவண்டியில் நிறுத்தி, கயிற்றால் இழுத்து 25 மீட்டரிலிருந்து மாணவரை நோக்கி விரைந்து வரச் செய்வது வழக்கம். ஒருமுறை என்னைவிட ஒரு முழம் உயரமும் மலைபோன்ற தோளும் கொண்ட ஒருவர் புத்தம் புதிய .500-ஐக் கொண்டுவந்தார். முதல் குண்டு, உறையிலிருந்து அவசரமாக உருவிய வேகத்தில், அட்டைக்கு நாலடி முன்னால் மண்ணில் புதைந்தது. அதிர்ச்சியில் குழல் வானத்தைப் பார்த்தது. அதை அவர் மீண்டும் இறக்கிக் குறிக்குக் கொண்டுவரும் முன் அட்டை அவர் முழங்காலில் மோதி நின்றது. அடுத்து நின்றவர் ஒல்லியான ஒரு செவிலியர். அவரிடம் இருந்தது 10 மிமீ பிஸ்டல். அதே தூரம், அதே வேகம். மூன்று குண்டுகள் சுட்டார், இரண்டு அட்டையின் முகத்தில் இருந்தன. தோட்டாவின் ஆற்றல் அட்டையைத் தொட்டால்தான் கணக்கில் வரும்.

கரடியின் உடலில் ஒரு கைத்துப்பாக்கிக் குண்டு என்ன செய்ய வேண்டும் என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். தடித்த தோல், கொழுப்பு, தசை, தோள் எலும்பு ஆகியவற்றைத் துளைத்து மூளையையோ முதுகெலும்பையோ எட்டினால் மட்டுமே கரடி அந்தக் கணத்தில் விழும். இதயத்தில் பட்ட கரடிகூடச் சில நொடிகள் ஓடும் வலு கொண்டது. ஆகவே மனிதரிடமிருந்து தற்காப்புக்கென்று விற்கும், உடலுக்குள் மலர்ந்து விரியும் குழிமுனைக் குண்டுகள் இங்கே தகாதவை. அவை ஆழம் போகாமல் நின்றுவிடும். கடினமாக வார்த்த ஈயத்தாலான தட்டைமுனைக் குண்டு, அல்லது முழுக்கச் செம்பாலான, விரியாத குண்டு தேவை. .44 மேக்னம் என்ற ரிவால்வர் தோட்டாவில் 300 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) அளவிலும், 10 மிமீ-யில் 200 முதல் 220 கிரெய்ன் வரையிலும் இவை கிடைக்கின்றன. 2016-இல் அனுபவம் மிக்க ஓர் அலாஸ்கா வழிகாட்டி, சீறிவந்த பழுப்புக் கரடியைச் சாதாரண 9 மிமீ பிஸ்டலாலேயே வீழ்த்தினார். அவர் போட்டிருந்ததும் கடின வார்ப்புக் குண்டுகளே. அதைப் பார்த்து 9 மிமீ வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். வாழ்நாள் முழுதும் கரடிகளிடையே பழகிய அந்த மனிதரின் நிதானத்தைக் கடையில் வாங்க முடியாது. ஆனால் ஆழமாகத் துளைக்கும் குண்டு சரியான இடத்தில் பட்டால் காலிபர் (குண்டின் விட்டம்) ஒரு படி கீழே இருந்தாலும் வேலை நடக்கும் என்பதற்கு அது சான்று.

ரிவால்வரா, பிஸ்டலா என்பதில் இரு தரப்புக்கும் நியாயம் உண்டு. 1955 முதல் புழக்கத்தில் உள்ள .44 மேக்னம் ரிவால்வர் பல தலைமுறை வழிகாட்டிகளின் துணை. குழலைக் கரடியின் உடம்பில் அழுத்தியபடியே சுட்டாலும் அது சுடும். பிஸ்டலின் குழல்முனையை அப்படி அழுத்தினால் மேற்பகுதியில் முன்பின் நகரும் ஸ்லைடு சற்றுப் பின்தள்ளப்பட்டு, விசையை இழுத்தாலும் வெடிக்காமல் போகக்கூடும். ஆனால் ரிவால்வரின் விசையை முழுதாக இழுக்க ஐந்து கிலோ அளவுக்கு விரல் வலு வேண்டும், தோட்டா ஆறுதான். மிக இலேசான உலோகத்தில் செய்த .44 ரிவால்வர்களை நாள் முழுதும் சுமப்பது சுகம், சுடுவது வேதனை. அந்த உதைப்பில் அடுத்த அறைகளிலுள்ள தோட்டாக்களின் குண்டுகள் முன்னுக்கு நழுவி உருளை சுழலாமல் சிக்கிக்கொள்வதும் உண்டு. குளோக் 20 போன்ற 10 மிமீ பிஸ்டலின் உதைப்பு .44-ஐவிடக் கைக்குள் அடங்கும், விசை இலகு, உங்கள் மாநிலத்திலும் 10 தோட்டா கிடைக்கும். கிரீன்லாந்தின் வடகிழக்கில் பனிக்கரடிகளிடையே நாய்வண்டியில் ரோந்து செல்லும் டென்மார்க் படையின் சிரியஸ் பிரிவினர் வைத்திருப்பதும் அதுவே. அதில் ஒரு கவனம் தேவை: குளோக் நிறுவனம் தன் குழல்களில் உறையில்லாத ஈயக் குண்டுகளைச் சுட வேண்டாம் என்று எச்சரிக்கிறது. எனவே செம்புக் குண்டோ, உலோக உறையிட்ட தட்டைமுனைக் குண்டோ தேர்ந்தெடுங்கள்.

உங்களுக்கு என் பரிந்துரை முழு அளவுள்ள 10 மிமீ பிஸ்டல். நீங்கள் புதியவர், கையில் இருப்பது நான்கு மாதம், போகும் இடமும் உள்நாட்டு மலைப்பகுதி. சால்மன் மீன் தின்று கொழுத்த கடற்கரைக் கரடிகளைவிட அங்குள்ள கிரிஸ்லிகள் (உள்நாட்டுப் பழுப்புக் கரடிகள்) உருவத்தில் சிறியவை. பிஸ்டலின் பிடி கைக்குப் பெரிதாக இருந்தால், எஃகில் செய்த நான்கு அங்குலக் குழல் கொண்ட .44 ரிவால்வரை வாங்கி, அதே துப்பாக்கியில் .44 ஸ்பெஷல் என்ற மெல்லிய தோட்டாவைப் போட்டுப் பழகி மெல்ல மேலேறலாம். எதை வாங்கினாலும் ஆகஸ்டுக்குள் ஐந்நூறு தோட்டாவாவது சுட்டிருக்க வேண்டும். காட்டுக்கு எடுத்துச் செல்லப்போகும் அதே வகைத் தோட்டாவில் ஐம்பதாவது சிக்கலின்றி ஓடியிருக்க வேண்டும். ஜூலை நடுவில் ஒரு பயிற்றுநர் முன்னிலையில் சோதனை வைத்துக்கொள்ளுங்கள்: முதுகில் பை, மார்பு உறையில் துப்பாக்கி, ஏழு மீட்டரில் சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டம், கையை உறைக்குக் கொண்டுபோன கணத்திலிருந்து மூன்று நொடிக்குள் இரண்டு குண்டு வட்டத்துக்குள் விழ வேண்டும். பத்து முறையில் எட்டு முறை விழாவிட்டால் துப்பாக்கியை வீட்டுப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, ஆளுக்கு இரண்டு ஸ்பிரே குப்பியோடு புறப்படுங்கள். பழகாத கையிலிருக்கும் துப்பாக்கி உங்கள் மைத்துனருக்கே ஆபத்து. கரடி அவரைக் கவ்வியிருக்கும்போது அதைச் சுடுவதுதான் துப்பாக்கி வேலைகளிலேயே கடினமானது.

இடுப்பு உறை வேண்டாம். முதுகுப்பையின் இடுப்பு வார் அதை மறைத்துவிடும். ஆற்றைக் கடக்கும்போதும் நனையும். பையைக் கழற்றினாலும் உடம்போடு இருக்கும் மார்பு உறைதான் சரி. ஸ்பிரே குப்பி இடது இடுப்பில், எப்போதும் அதே இடத்தில். உங்கள் மைத்துனருக்கும் ஒன்று. இருவரும் காரமில்லாத பயிற்சிக் குப்பி வாங்கி, வீட்டின் பின்புறத்தில் நின்று, உருவி அழுத்தும் வரை பத்துப் பதினைந்து முறையாவது பழகுங்கள்.

கரடி தொட்டுவிட்டால் என்ன செய்வது என்பதையும் இருவரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். திடுக்கிட்டோ குட்டியைக் காக்கவோ தாக்கும் கிரிஸ்லியிடம், குப்புறப் படுத்து, கால்களை அகற்றி, கைகளைப் பிடரியில் கோத்து, முதுகுப்பை கவசமாக இருக்க அசையாமல் கிடக்க வேண்டும். கருங்கரடி தாக்கினாலோ, எந்தக் கரடியானாலும் இரையாக நினைத்துப் பின்தொடர்ந்தாலோ, இரவில் கூடாரத்துக்குள் வந்தாலோ, கிடைத்ததைக் கொண்டு போராட வேண்டும்.

சுட நேர்ந்தால் அதன் பின்விளைவும் உண்டு. 2010 பிப்ரவரி முதல் தேசியப் பூங்காக்களில் அந்தந்த மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம். ஆனால் வைத்திருக்கும் அனுமதி சுடும் அனுமதி ஆகாது. உயிரைக் காக்கக் கரடியைக் கொன்றால், அலாஸ்கா விதிப்படி அதன் தோலை நகங்களோடு உரித்து, மண்டையோட்டோடு மாநில அரசிடம் ஒப்படைத்து, 15 நாளுக்குள் எழுத்தில் அறிக்கை தர வேண்டும். உணவைச் சிதறவிட்டு நீங்களே கரடியை வரவழைத்திருந்தால் தற்காப்பு என்ற வாதம் நிற்காது. எனவே கரடி திறக்க முடியாத உணவுப் பெட்டியைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். சமைக்கும் இடமும் பெட்டி வைக்கும் இடமும் கூடாரத்திலிருந்து நூறு கெஜமாவது தள்ளி இருக்கட்டும். புதர்களுக்குள் ஓயாமல் பேசியபடி, ஒருவரை ஒருவர் ஒட்டி நடங்கள்.

காரில் கனடா வழியாகப் போகும் எண்ணம் இருந்தால் துப்பாக்கியை மறந்துவிடுங்கள். கரடிக்காக என்று சொல்லிக் கைத்துப்பாக்கியை அந்த எல்லையைத் தாண்டிக் கொண்டுபோக முடியாது. விமானத்தில், தோட்டா நீக்கிய துப்பாக்கியைப் பூட்டிய கடினப் பெட்டியில் வைத்து, பயணப்பெட்டிகளை ஒப்படைக்கும் இடத்தில் அறிவித்து அனுப்பலாம். ஸ்பிரேயோ கைப்பையிலும் போகாது, ஒப்படைக்கும் பெட்டியிலும் போகாது. அலாஸ்காவில் இறங்கிய பின் வாங்கி, சிறு விமானத்தில் ஏறும் முன் விமானியிடம் சொல்லி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். விமானி இருக்கும் அறைக்குள் அது கசிந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக, இரவு. துப்பாக்கியை உறங்குபையின் உள்ளேயோ தலையணைக்கு அடியிலோ வைக்காதீர்கள். தூக்கக் கலக்கத்தில் விரல் விசையைத் தேடிப்போகும். மார்பு உறையிலேயே, விசை மூடியிருக்கும்படி, உங்கள் தலைக்கு வலப்பக்கம், தினமும் அதே இடத்தில் வையுங்கள். பக்கத்தில் தலைவிளக்கும் ஸ்பிரேயும். மைத்துனர் உங்களுக்கு இடப்பக்கம் படுக்கட்டும், அப்போது துப்பாக்கிக்கும் அவருக்கும் நடுவில் நீங்கள் இருப்பீர்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் அங்கே இரவு முழுதாக இருட்டுவதில்லை. வெளியே ஏதோ உரசும் ஓசை கேட்டால் முதலில் உரக்கக் குரல் கொடுங்கள், பிறகு விளக்கைப் போடுங்கள், பக்கத்தில் படுத்திருந்தவர் அங்கேயே இருக்கிறாரா என்று கையால் தொட்டுப் பாருங்கள். அதன் பிறகே உறையின் மீது கை போக வேண்டும்.